பாவாடை விரிந்து நிற்கும் நூல் ஏஞ்சல்: கைவேலை கேள்வி பதில்

கைவேலைப் பகுதிக்கு இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை: கிறிஸ்துமஸுக்குப் பரிசளிக்கக் குரோஷா ஊசியில் பின்னும் குட்டி ஏஞ்சல். ஆகவே பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

மரத்தில் தொங்கவிடவும் மேசையில் நிறுத்தவும் ஏற்ற சிறிய ஏஞ்சல் பின்ன ஆசை. செயின், சிங்கிள், டபுள் மூன்றும் போடத் தெரியும். என்ன நூல், என்ன ஊசி, எத்தனை கண்ணி என்று சுற்றுவாரியாகச் சொல்லுங்கள்.
வாசகி, தூத்துக்குடி

10ஆம் நம்பர் மெர்சரைஸ்டு பருத்தி நூல், 1.5 மி.மீ. ஸ்டீல் ஊசி. ஒரு ஏஞ்சலுக்கு 25 மீட்டர் நூல் தாராளம். முடிந்தபின் உயரம் ஏறத்தாழ 6 செ.மீ., பாவாடையின் அடி விட்டமும் அதே அளவு. கீழே வரும் தையல் பெயர்கள் எல்லாம் அமெரிக்க முறைப்படி.

தலையிலிருந்து தொடங்கிக் கீழே இறங்க வேண்டும். மேஜிக் ரிங்கில் (நுனியை இழுத்தால் இறுகும் நூல் வளையம்) 6 சிங்கிள். 2ஆம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு, ஆக 12. 3ஆம் சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் கூட்டல், 18. 4ஆம் சுற்றில் ஒவ்வொரு மூன்றாம் கண்ணியிலும் கூட்டல், 24. அடுத்த நான்கு சுற்றுகள், அதாவது 5 முதல் 8 வரை, கூட்டாமல் குறைக்காமல் 24. 9ஆம் சுற்றில் இரண்டு சிங்கிள், ஒரு குறைப்பு (இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்குவது) என்று ஆறு முறை, 18. 10இல் ஒரு சிங்கிள், ஒரு குறைப்பு என்று ஆறு முறை, 12. இங்கே நிறுத்தி, தலைக்குள் பாலியஸ்டர் பஞ்சு வையுங்கள். 11இல் இரண்டு சிங்கிள், ஒரு குறைப்பு என்று மூன்று முறை, 9. இதுதான் கழுத்து. 12ஆம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு சிங்கிள், 18, தோள் வந்துவிடும். இதுவரை சுற்றை இணைக்காமல் சுருளாகவே போகலாம். ஆனால் சுற்றின் முதல் கண்ணியில் வேறு நிற நூல் துண்டு ஒன்றைச் செருகி வையுங்கள், இல்லாவிட்டால் எண்ணிக்கை தவறும். 12இன் முடிவில் ஒரு ஸ்லிப் தையல் (கண்ணிக்குள் ஊசியை விட்டு, நூலை ஊசியிலுள்ள வளையம் வழியாகவும் ஒரே இழுப்பில் எடுப்பது) போட்டு இணையுங்கள்.

இனி உடை. ஒவ்வொரு சுற்றையும் 3 செயினில் தொடங்கி (அது ஒரு டபுளாகக் கணக்கு) ஸ்லிப் தையலில் முடிக்க வேண்டும். 13இல் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு டபுள், 27. 14இல் மாற்றமில்லாமல் 27. 15இல் ஒவ்வொரு மூன்றாம் கண்ணியிலும் கூட்டல், 36. 16இல் ஒரே கண்ணியில் ஒரு டபுள், ஒரு செயின், ஒரு டபுள். இரண்டு கண்ணி தாண்டி மீண்டும் அதே. 12 'வி' வரும். இந்தச் சுற்றை மட்டும் 4 செயினில் தொடங்கி, மூன்றாம் செயினில் இணையுங்கள். 17இல் ஒவ்வொரு 'வி'யின் நடு இடைவெளியிலும் 5 டபுள், 12 சிப்பி. 18இல் ஒவ்வொரு சிப்பியின் நடு டபுளிலும் 5 டபுள், சிப்பிகளுக்கு இடையில் ஒரு செயின். 19இல் அதே மாதிரி, ஆனால் 7 டபுள். 20 கரை: ஒவ்வொரு டபுளிலும் ஒரு சிங்கிள், நான்காம் டபுளின் சிங்கிள் முடிந்ததும் 3 செயின் போட்டு அதே சிங்கிளில் ஸ்லிப் தையல், சிப்பிகளுக்கு இடையிலுள்ள செயினை மட்டும் தொடாமல் தாண்டிவிடுங்கள். அந்தத் தாண்டல்தான் கரையை உள்ளே இழுத்துச் சிப்பி வடிவத்தைக் காட்டுகிறது.

இறகு இரண்டு. மேஜிக் ரிங்கில் 3 செயின் (இதுவும் ஒரு டபுளாகக் கணக்கு), 6 டபுள்; இணைக்காமல் திருப்புங்கள். இரண்டாம் வரிசையில் ஒவ்வொரு டபுளின் மேலும் ஒரு டபுள், நடுவே ஒவ்வொரு செயின். ஆறு இடைவெளி கிடைக்கும். மூன்றாம் வரிசையில் ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு சிங்கிள், மூன்று டபுள், ஒரு சிங்கிள். ரிங்கை இறுக்கி இழுத்தால் அரைவட்ட விசிறி தயார்.

ஒளிவட்டத்துக்கு 24 செயின் போட்டு வளையமாக இணைத்தால் தலையின் விட்டத்துக்குச் சரியாக இருக்கும். கை தேவையில்லை. இந்த அளவில் கை வைத்தால் உடையின் பூ வேலை மறைந்துபோகும்.

ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துப் பின்னினேன். தலை முட்டை மாதிரி நீண்டு, ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. உள்ளே வைத்த பஞ்சு தெரிகிறது. கண்ணி எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது.
வாசகி, மதுரை

எண்ணிக்கை சரியாக இருந்தும் உயரம் மாறுகிறது என்றால் பெயர்க் குழப்பம்தான். பிரிட்டிஷ் புத்தகத்தில் 'டபுள்' என்று இருப்பது அமெரிக்க முறையின் 'சிங்கிள்'. பிரிட்டிஷ் 'ட்ரெபிள்' அமெரிக்க 'டபுள்'. நீங்கள் பிரிட்டிஷ் டபுளை அமெரிக்க டபுளாகப் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு சுற்றும் இரு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. புத்தகத்தில் எங்காவது 'சிங்கிள் குரோஷே' என்று இருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க முறை. இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரில் தையல் கிடையாது. பழைய நூலகப் புத்தகங்களிலும் அம்மா, பாட்டி காலத்துக் குறிப்பேடுகளிலும் பெரும்பாலும் பிரிட்டிஷ் பெயர்களே இருக்கும்.

தையல் சரியாக இருந்தும் பஞ்சு தெரிந்தால் ஊசியை 1.25க்கு மாற்றித் தலையை மட்டும் பின்னுங்கள். குறைக்கும்போது கண்ணியின் முன் இழையை மட்டும் எடுத்து இரண்டையும் சேர்த்தால் ஓட்டை விழாது.

பாவாடை குடையாக விரியாமல் அலை அலையாக மடிகிறது. தோழிக்கோ குழாய் மாதிரி இறங்குகிறது. இருவருக்கும் ஒரே குறிப்பு, ஒரே நூல்.
வாசகி, பாளையங்கோட்டை

கை இறுக்கம்தான் வித்தியாசம். ஆனால் எடுத்தவுடன் கையைக் குறை சொல்ல வேண்டாம், முதலில் எண்ணுங்கள். 16ஆம் சுற்றில் 12 'வி'தான் இருக்கிறதா? இரண்டு கண்ணிக்குப் பதில் ஓரிடத்தில் ஒரு கண்ணி மட்டும் தாண்டியிருந்தால் 13 ஆகியிருக்கும்; அந்த ஒன்று கீழே வரும்போது ஏழு டபுள் கூடுதல். அலை அங்கிருந்து வரும். எண்ணிக்கை சரி என்றால், அலை அடிப்பவர் 18ஆம் சுற்றில் சிப்பிகளுக்கு இடையிலுள்ள செயினை விட்டுவிடலாம். குழாயாக இறங்குபவர் 18, 19 இரண்டிலும் இடையில் இரண்டு செயின் போடலாம். லேசான அலையைப் பற்றிக் கவலையே வேண்டாம், பசை போட்டு அட்டைக் கூம்பில் மாட்டும்போது (அந்த முறை அடுத்த பதிலில்) படிந்துவிடும்.

இன்னொன்று: சுற்று இணையும் கோடு நேராக இறங்காமல் கொஞ்சம் சாய்ந்து போகும். அது பிழையல்ல. அந்தப் பக்கத்தை முதுகாக வைத்து, மேலே இறகைத் தைத்துவிடுங்கள்.

சர்க்கரைப் பாகு, மைதாக் கஞ்சி, வெள்ளைப் பசை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சென்னையில் எது நிற்கும்? பாகு போட்ட ஏஞ்சல் டிசம்பர் மழையில் பிசுபிசுத்து எறும்பு மொய்த்துவிட்டது.
வாசகி, சென்னை

கடலோர ஊர்களுக்கு வெள்ளைப் பசைதான் எங்கள் பரிந்துரை. வடகிழக்குப் பருவமழை முடிந்தும் முடியாமலும் இருக்கும் நாளில்தான் கிறிஸ்துமஸ் வருகிறது. சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இழுத்தால் ஒட்டும், தளரும், எறும்பும் வரும். குளிரும் உலர்ந்த காற்றும் உள்ள நாடுகளில் பாகு நன்றாக நிற்கிறது, நம் கடற்கரையில் அது எடுபடாது. மைதாவும் அரிசிக் கஞ்சியும் பருத்திச் சேலையை விறைப்பாக்கப் போதும், பாவாடையைத் தாங்கி நிறுத்தும் பலம் அவற்றுக்கு இல்லை. ஈரம் காயாமல் இருந்தால் பூஞ்சையும் பிடிக்கும்.

மரவேலைக்கும் காகித வேலைக்கும் வாங்கும் வெள்ளைப் பசை ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. பசையில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்குங்கள். அதற்கு முன்பே ஏஞ்சலை மிதமான சோப்பு நீரில் அலசிவிட வேண்டும். பின்னும்போது நூலில் ஏறிய கை அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் பசை காய்ந்தபின் மஞ்சளாகத் தெரியும். அப்போது எடுக்க வழியில்லை. அலசியதைப் பிழிந்து, ஈரம் இருக்கும்போதே பாவாடையைப் பசைநீரில் முக்குங்கள். உலர்ந்த நூல் பசையை ஓரிடத்தில் அதிகமாகவும் மற்றோரிடத்தில் குறைவாகவும் குடிக்கும். தலையை முக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பஞ்சு பசையை உறிஞ்சினால் காய நாள் கணக்கில் ஆகும், கறையும் வெளியே வரும். தலைக்கும் கழுத்துக்கும் தூரிகையால் மேலாக ஒரு பூச்சு போதும்.

அடுத்து கூம்பு. கெட்டியான சார்ட் அட்டையில் 5 செ.மீ. ஆரமுள்ள வட்டம் வரைந்து, அதில் 144 டிகிரி அளவுள்ள துண்டை வெட்டி எடுத்துவிடுங்கள். மீதி 216 டிகிரியைச் சுருட்டி ஓரங்களை மேலேற்றாமல் சேர்த்து ஒட்டினால் அடி விட்டம் சரியாக 6 செ.மீ. வரும். நுனியில் 1 செ.மீ. வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கூர்நுனி கழுத்தை மேலே தள்ளும். கூம்பின் மேல் பிளாஸ்டிக் உறையைச் சுருக்கமில்லாமல் சுற்றுவது மிக முக்கியம். வெறும் அட்டையில் மாட்டினால் பசை இரண்டையும் ஒட்டிவிடும். பிய்த்தால் நூலோடு அட்டை நாரும் வரும்.

மாட்டியபின் பலர் அவசரப்படுவது இங்கேதான். நூலிடை ஓட்டைகளில் பசை ஏடு கட்டியிருக்கும். அப்படியே காய விட்டால் கண்ணாடி மாதிரி மினுமினுவென்று அடைத்துக்கொள்ளும். உலர்ந்த தூரிகையாலோ உறிஞ்சும் தாளாலோ ஒவ்வோர் ஓட்டையையும் ஒற்றி எடுங்கள். பிறகு கரையிலுள்ள 12 சிப்பிகளையும் ஒவ்வொன்றாக விரலால் வெளிப்பக்கம் இழுத்து, தெர்மக்கோல் பலகையில் துருப்பிடிக்காத குண்டூசி குத்தி நிறுத்துங்கள். சாதாரண குண்டூசி ஈரத்தில் துருவேறி, வெள்ளை நூலில் பழுப்புப் புள்ளி வைத்துவிடும். மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு முழுக்கக் காய வேண்டும்; மழை நாளில் இரண்டு இரவு. வெளியே காய்ந்ததுபோல் இருந்தாலும் கூம்பைத் தொடும் உட்புறம் ஈரமாக இருக்கும். கூம்பைச் சற்றே திருகிப் பாருங்கள். தானாக நழுவினால்தான் எடுக்கலாம்.

இறகு இரண்டும் தொங்கிப்போகின்றன. கம்பி வைக்கலாமா?
வாசகி, திருச்சி

வேண்டாம். இறகைத் தனியாக விறைப்பாக்கிக் காய்ந்தபின் தைத்தால் கம்பி தேவைப்படாது. பசை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு என்று கெட்டியாகக் கலந்து முக்கி, பிளாஸ்டிக் விரித்த பலகையில் விசிறியாக விரித்துக் குண்டூசி குத்திக் காய விடுங்கள். நேர்விளிம்பு முதுகின் நடுக்கோட்டில் மேலிருந்து கீழாக அமையும்படி, மேல்முனை, நடு வளையம், கீழ்முனை என மூன்று இடங்களில் தைக்க வேண்டும். நடுவில் மட்டும் தைத்தால் எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் சுழன்று தொங்கும்.

தொங்கவிடும் நூலைத் தலை உச்சியில் கட்டாதீர்கள். இறகின் எடையால் ஏஞ்சல் பின்பக்கம் சாயும். உச்சியிலிருந்து ஒரு சுற்று பின்னால் தள்ளிக் கட்டினால் நேராகத் தொங்கும்.

தங்க ஜரிகை நூலில் ஒளிவட்டம் போட்டால் இழை பிரிந்து பிரிந்து வருகிறதே?
வாசகி, கோவை

1.75 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள். வெள்ளை நூலையும் ஜரிகையையும் சேர்த்துப் பிடித்துப் பின்னினால் பிரிவது பெரும்பாலும் நின்றுவிடும். பளபளப்பும் கண்ணைக் குத்தாமல் அடங்கி, வெள்ளை உடையோடு இன்னும் அழகாகப் பொருந்தும்.

ஞானஸ்நானத்துக்கு வருபவர்களுக்குக் கொடுக்க முப்பது ஏஞ்சல் வேண்டும். கம்பளி நூலில் பெரிதாகச் சீக்கிரம் முடிக்கலாமா?
வாசகி, நாகர்கோவில்

4 பிளை நூலும் 3 மி.மீ. ஊசியும் எடுத்தால் இதே கணக்கில் ஏறத்தாழ இரு மடங்கு உயரம் வரும். ஆனால் கம்பளி என்று விற்கும் அக்ரிலிக் நூலில் பசைநீர் பருத்தியில் ஊறுவதுபோல் ஊறாது, பாவாடை துவளும். அதற்குப் பதில் பருத்தியிலேயே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்: முதலில் எல்லாத் தலைகளும், பிறகு எல்லாப் பாவாடைகளும், கடைசியில் இறகுகள். பசையை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நாளில் கலக்குங்கள், விறைப்பு ஒரே மாதிரி இருக்கும். குழந்தையின் தொட்டிலில் கட்ட மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். தொங்கும் நூல், தைத்த இறகு, பசை எதுவும் குழந்தை வாய்க்குப் போகக்கூடாதவை.

இப்படிக் கஞ்சி போட்ட நூல் ஏஞ்சல் எந்த நாட்டு வழக்கம்?
வாசகர், புதுச்சேரி

ஐரோப்பாவில் பல நாடுகளில் உண்டு. போலந்தில் கிறிஸ்துமஸ் மரத்துக்கு நூல் ஏஞ்சல், நட்சத்திரம், மணி எல்லாம் பின்னி விறைப்பாக்கித் தொங்கவிடுவார்கள். அந்நாட்டின் தென்பகுதி மலையிலுள்ள கொன்யாகூஃப் கிராமம் குரோஷா லேஸுக்குப் பெயர்போனது.

வெளியூருக்கு அனுப்பினால் நசுங்காமல் போய்ச் சேருமா? நசுங்கினால் சரிசெய்ய முடியுமா?
வாசகி, சேலம்

பாவாடைக்குள் மெல்லிய தாளைக் கசக்கி நிரப்புங்கள். இறகுகளின் இருபுறமும் அதே தாள். உயரம் 8 செ.மீ. உள்ள அட்டைப்பெட்டி போதும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றையும் போடுங்கள். ஜிப் உறையில் மட்டும் போட்டு அனுப்பினால் கட்டாயம் நசுங்கும்.

நசுங்கியிருந்தால் கொதிக்கும் பாத்திரத்து ஆவியில், கைக்குச் சூடு தாக்காத தூரத்தில், சில விநாடி காட்டுங்கள். வெள்ளைப் பசை சூட்டில் இளகும். உடனே கூம்பில் மாட்டி விரலால் வடிவத்துக்குக் கொண்டுவந்து, முழுவதும் ஆறும்வரை எடுக்காதீர்கள். பெற்றுக்கொள்பவருக்கு இந்த முறையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கூம்பையும் பெட்டியிலேயே வைத்து அனுப்பிவிடுங்கள்.