'வேர் தி கிராடாட்ஸ் சிங்' நாவலைச் சிலர் கொண்டாடுகிறார்கள், சிலர் திட்டுகிறார்கள், ஏன்?

இரண்டு தரப்பும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2018இல் வந்த இந்த நாவலை எழுதிய டெலியா ஓவன்ஸ் பல வருடம் ஆப்பிரிக்காவில் வேலை பார்த்த விலங்கியலாளர், ஏறக்குறைய 70 வயதில் எழுதிய முதல் நாவல் இது. கதை இதுதான்: அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துச் சதுப்பு நிலத்தில், 1952இல் ஆறு வயது நாயகி கயாவை விட்டுவிட்டு அம்மா பெட்டியோடு கிளம்பிவிடுகிறாள், பின்னாலேயே அண்ணன் அக்காக்கள், கடைசியில் குடிகார அப்பாவும். பறவை, சிப்பி, சேறு என்று அந்த நிலத்தை எழுதியிருக்கும் விதத்துக்காகவே பிடித்தது என்பவர்கள் ஏராளம், நானும் அதில் ஒருத்தி.

ஆனால் ஒரே ஒரு நாள் பள்ளிக்கூடம் போன பிள்ளை, சிப்பி விற்றுத் தனியாக வளர்ந்து, பதினாலு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்று, பிறகு இயற்கை நூல்கள் எழுதும் அளவுக்கு உயர்வதை நம்ப முடியவில்லை என்கிறார்கள் பலர். சரி, அதைத் தேவதைக் கதை மாதிரி எடுத்துக்கொண்டால் எனக்கு உறுத்தவில்லை. உறுத்தியது வேறு: அவளுக்கு உதவும் ஜம்பின், மேபல் என்ற கறுப்பினத் தம்பதிக்கு அவளைக் கவனித்துக்கொள்வது தவிரச் சொந்த வாழ்க்கையே இல்லாத மாதிரி எழுதியிருப்பது, அதுவும் நிறப்பாகுபாடு சட்டமாகவே இருந்த காலத்தில். அப்புறம், கடற்கரை ஊர்க்காரர்கள் மாநிலத்தின் மறுகோடியில் மலைப்பக்கம் இருக்கும் ஆஷ்வில்லுக்குச் சர்வசாதாரணமாகப் போய்வருவதை அந்த மாநில வாசகர்கள் நன்றாகக் கிண்டல் செய்திருக்கிறார்கள்.

கதையில் ஒரு கொலை வழக்கும் வருகிறது, அதன் முடிவைப் பற்றியும் வாசகர்களிடையே சண்டை உண்டு, படிக்காதவர்களுக்காக அதைச் சொல்லவில்லை.