போலீஸ் முதலில் இடுப்பில் செருகட்டும்

கேள்வி: உரிமையாளர் கையில் மட்டுமே சுடும் ‘ஸ்மார்ட் துப்பாக்கி’ அமெரிக்காவில் வந்துவிட்டதாமே! இனி அதைத்தான் விற்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டால் எத்தனை குழந்தைகள் பிழைக்கும்? துப்பாக்கிக் கம்பெனிகளுக்குப் பயந்துதானே போடாமல் இருக்கிறார்கள்?
- வாசகர் ஒருவர், நாமக்கல்

பதில்: நீங்கள் கேட்கும் சட்டத்தைப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. நியூஜெர்சி மாநிலம் 2002-லேயே போட்டது. நாட்டின் எந்த மூலையிலாவது ஒரு ஸ்மார்ட் கைத்துப்பாக்கி விற்பனைக்கு வந்துவிட்டால் போதும், சுமார் 3 ஆண்டுகளில் நியூஜெர்சிக் கடைகளில் வேறு கைத்துப்பாக்கி விற்கக் கூடாது. நோக்கம் நல்லதுதான். 2014-ல் மேரிலாந்து கடைக்காரர் ஒருவர் அர்மாட்டிக்ஸ் என்ற ஜெர்மன் கம்பெனியின் துப்பாக்கியை விற்க முன்வந்தார். அவர் விற்றால் நியூஜெர்சியில் சட்டம் உயிர்பெற்றுவிடும் என்று, அதை எதிர்த்தவர்களிடமிருந்து கொலை மிரட்டல் வந்தது. பின்வாங்கிவிட்டார். கடைசிவரை அமலுக்கே வராத அந்தச் சட்டத்தை 2019-ல் மாற்றினார்கள். மாநில ஆணையம் அங்கீகரிக்கும் ஸ்மார்ட் துப்பாக்கிகளில் ஒன்றையாவது ஒவ்வொரு கடையும் வைத்திருந்தால் போதும் என்பது புதுச் சட்டம்.

மிரட்டியவர்கள் செய்தது அயோக்கியத்தனம். அதற்காக அந்தத் துப்பாக்கி நம்பகமானது என்று ஆகிவிடாது. அது ஒரு கைக்கடிகாரத்தோடு ரேடியோ அலையில் பேசும். கடிகாரம் சுமார் 25 செ.மீ.க்குள் இருந்தால்தான் சுடும். 2017-ல் ஒரு ஹேக்கர் சுமார் 15 டாலர் காந்தங்களைப் பக்கவாட்டில் ஒட்டி, கடிகாரமே இல்லாமல் சுட்டுக் காட்டினார். அப்புறம் ரேடியோ அலையைக் குழப்பி, உரியவர் கையிலேயே சுடாமலும் செய்தார். இந்த இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உயிருக்குப் பயந்து துப்பாக்கி வாங்கியவருக்கு, வேண்டிய நொடியில் சுடாத துப்பாக்கியால் என்ன பயன்? ஈரக் கை, ரத்தம் பட்ட விரல், தீர்ந்துபோன பேட்டரி எல்லாவற்றுக்கும் அது பதில் வைத்திருக்க வேண்டும். நியூஜெர்சிக்காரர்களே அந்தச் சட்டத்தில் போலீசுக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். போலீஸ் இடுப்பில் ஏறாததைத் தனியாக வாழும் ஒரு பெண்ணின் கையில் கட்டாயமாகத் திணிப்பது எந்த நியாயம்?

கம்பெனிகளுக்குப் பயம் என்பது பாதி உண்மை. 2000-ல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் என்ற துப்பாக்கிக் கம்பெனி, ஸ்மார்ட் துப்பாக்கித் தொழில்நுட்பம் உள்படச் சில விஷயங்களுக்கு கிளிண்டன் அரசோடு ஒப்பந்தம் செய்தது. துப்பாக்கி வாங்குபவர்களே அந்தக் கம்பெனியைப் புறக்கணித்து விற்பனையைச் சரித்தார்கள்.

ஸ்மார்ட் துப்பாக்கியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொலராடோவின் பயோஃபயர் கம்பெனி 2023-ல் அறிவித்த 1,499 டாலர் துப்பாக்கி, கைரேகை, முகம் இரண்டில் எது பொருந்தினாலும் திறக்கும். வீட்டில் சிறுபிள்ளை இருப்பவர்கள் விரும்பி வாங்கட்டும். போலீஸ் சில ஆண்டுகள் பயன்படுத்திப் பார்த்து, சரி என்று சொல்லட்டும். கட்டாயப் பேச்சு அதற்கப்புறம்.

ஒன்றை நீங்கள் யோசிக்கவில்லை. அமெரிக்கர்களின் வீடுகளில் ஏற்கெனவே சுமார் 39 கோடித் துப்பாக்கிகள் இருக்கின்றன. புதிதாக விற்பதற்கு நீங்கள் போடும் சட்டம் அவற்றில் ஒன்றைக்கூடத் தொடாது. தலையணைக்கடியிலிருந்து ஒரு குழந்தை எடுத்துவிடுவது அவற்றில் ஒன்றைத்தான். கையில் இல்லாதபோது துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்ற சட்டத்துக்குப் புதுத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை, ஒரு பூட்டு போதும். மாசசூசெட்ஸில் 1998 முதல் அது இருக்கிறது. பல மாநிலங்களில் இன்னும் இல்லை. உங்கள் கோபம் அங்கே போகட்டும்.