வீடியோ ஓடுகிறது, பாடம் நிற்கவில்லையா?

புதுவயலிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். சிவகங்கையில் மருத்துவம் முதலாண்டு. பஸ்ஸில் ஆடியோ, இஷா தொழுகைக்குப் பிறகு வீடியோ என்று கேட்டும் பார்த்தும் தேர்வில் ஒன்றும் ஞாபகம் வருவதில்லையாம். உடற்கூறு வீடியோக்களைப் பார்ப்பது ஆகுமா, டெலிகிராமில் சும்மா கிடைக்கும் கட்டண வகுப்புகளைப் பார்க்கலாமா என்றும் கேட்கிறார்.

தங்கச்சி, மதரஸாவில் ஓதியிருப்பீர்கள்தானே. ஹஜ்ரத் ஓதுவதைக் கேட்டதோடு யாருக்கும் சூரா மனனமாகவில்லை. திருப்பி ஓதிக் காட்டி, தடுமாறிய இடத்தில் திருத்தம் வாங்கி, மறுநாள் பழைய பாடத்தையும் சேர்த்து ஓதியதால்தான் நெஞ்சில் நின்றது. மருத்துவப் பாடமும் அப்படித்தான். பத்து நிமிடம் பார்த்தால் நிறுத்துங்கள். பிரேக்கியல் பிளெக்ஸஸ் (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) என்றால் வெற்றுத்தாளில் சி5 முதல் டி1 வரையிலான தண்டுவட நரம்புகளின் ஐந்து வேர்கள், அவை சேர்ந்து உண்டாகும் மூன்று டிரங்க், பிறகு மூன்று கார்டு என்று வரையுங்கள், கை எங்கே நிற்கிறதோ அந்த இடத்துக்கு மட்டும் வீடியோவில் திரும்பப் போங்கள். சுப்ஹு தொழுததும் நேற்றைய படத்தை இன்னொரு தடவை வரைந்துவிடுங்கள்.

பஸ்ஸில் அனாட்டமி வேண்டாம், படமில்லாமல் அது மண்டையில் ஏறாது. ஏற்கெனவே படித்த ஃபிசியாலஜியை (உடல் இயங்கும் விதம் பற்றிய பாடம்) உங்கள் குரலிலேயே கேள்விகளாகப் பதிந்து, பதில் சொல்ல இடைவெளி விட்டுக் கேளுங்கள். இதய ஒலிகளை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்பது வீண். மூன்றாம் இதய ஒலி மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்டது, சின்ன ஸ்பீக்கரில் எழும்பாது. நல்ல ஹெட்ஃபோன் வேண்டும்.

சிகிச்சைக்கும் அதைக் கற்பதற்கும் தேவையான அளவு உடலைப் பார்ப்பதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். தேவை முடிந்தால் வீடியோவை மூடிவிடுங்கள், சந்தேகம் தீராவிட்டால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். (இதயத்திலிருந்து நுரையீரல் வழியாக ரத்தம் சுற்றுவதை 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிய மருத்துவர் இப்னு நஃபீஸ், ஷாஃபிஈ மத்ஹபின் மார்க்கச் சட்ட அறிஞரும்கூட.)

டெலிகிராம் விஷயத்தில் என் பதில் நேரானது: பார்க்காதீர்கள். அது இன்னொருவர் உழைப்பு, அவர் அனுமதி இல்லாமல் வருகிறது. ஆசிரியர்களே இலவசமாகப் போட்டிருக்கும் வகுப்புகள் யூடியூபில் நிறைய இருக்கின்றன, முதலாண்டுக்கு அவையும் பாடநூலும் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். வார்டுக்குப் போகத் தொடங்கியதும் நோயாளியை ஃபோனில் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் வரும். அந்த உடல் உங்களிடம் அமானிதம், நம்பி ஒப்படைக்கப்பட்டது. நம் பக்கத்து ஊர்களில் முகத்தை மறைத்தாலும் பலனில்லை, ஒரு மச்சமோ குரலோ போதும், யார் வீட்டு அம்மா என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். படிப்புக்காகப் படம் கட்டாயம் தேவையென்றால், நோயாளியிடம் விளக்கி எழுத்தில் சம்மதம் வாங்கி, துறைத் தலைவரின் அனுமதியோடு எடுங்கள்.