அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கார் புகைச் சோதனையை ஏன் நிறுத்தினார்கள்?

வாகனப் புகை இனி பொருட்டில்லை என்று முடிவெடுத்து நிறுத்தியதா இது என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, காரணம் ஏறக்குறைய நேர்மாறானது.

1982-இல் சியாட்டில் பகுதியில் தொடங்கிய சோதனை இது. பின்னர் ஸ்போக்கேன், வான்கூவர் பக்கங்களுக்கும் பரவியது. (கனடாவின் வான்கூவர் அல்ல, அதே பெயரில் இங்கேயும் ஓர் ஊர் உண்டு.) 2005-இல் மாநிலச் சட்டமன்றம் கலிஃபோர்னியாவின் கடுமையான புகை விதிகளைப் புதிய கார்களுக்கு ஏற்றது. கூடவே, 2020 தொடக்கத்தோடு சோதனையை முடித்துக்கொள்ளவும் அப்போதே முடிவானது. அதாவது, பழைய வண்டிகள் தாமாகக் கழிந்துபோகப் பதினைந்து வருட அவகாசம்.

சோதனை நடந்த காலத்திலேயே, 2009 முதலான மாடல்களுக்கும் 25 வயதைத் தாண்டியவற்றுக்கும் அதிலிருந்து விலக்கு இருந்தது. ஆக, வருடா வருடம் வரிசையில் நிற்கும் வண்டிகள் குறைந்துகொண்டே வந்தன. அப்புறம், 1996 முதல் வந்த கார்களில் கோளாறைக் கண்டுபிடிக்கும் கணினி உள்ளேயே இருக்கிறது. எஞ்சின் விளக்கு எரிவது அதனால்தான். என்ன, கட்டாயச் சோதனை இல்லாவிட்டால் அந்த விளக்கைப் பலர் கண்டுகொள்ள மாட்டார்கள். எனக்கு இதில் உறுத்துவது அதுதான்.

சரி, சோதனைதான் இல்லையே என்று கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகம்) கழற்றிவிடலாமா? கூடாது. கூட்டாட்சிச் சட்டப்படி அது இன்றும் சட்டவிரோதம்.