புது சொகுசுக் கார்: வாங்குவதா, லீஸுக்கு எடுப்பதா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் ஐடி வேலை, இருவருக்குமே எச்1பி விசா. பழைய கேம்ரி இனி தாங்காது. இந்த முறை ஆசைப்பட்டபடி பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் அல்லது பென்ஸ் இ-கிளாஸ் எடுக்கலாம் என்று இருக்கிறோம். விலை 60,000 டாலர் பக்கம் வருகிறது. கையில் 10,000 டாலர் சேர்த்து வைத்திருக்கிறோம். "விசா நிலைமை தெரியாதபோது லீஸ்தான் நல்லது, வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்கிறார் கணவர். "வாடகை கொடுத்த காசு திரும்பி வராது" என்று ஊரிலிருந்து அப்பா சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அப்பா சொல்வது வீட்டுக்குப் பொருந்தும். வீடு வாங்கினால் அதன் மதிப்பு ஏற வாய்ப்பு உண்டு. கார் அப்படியில்லை, ஷோரூம் வாசலைத் தாண்டிய அன்றே விலை இறங்க ஆரம்பித்துவிடும். சொந்தமாக வாங்கினாலும் லீஸுக்கு எடுத்தாலும் நீங்கள் கொடுப்பது இரண்டே விஷயங்களுக்குத்தான்: அந்த விலை இறக்கம், அதற்கு மேல் வட்டி. லீஸ் என்பது காரைப் பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு வாடகைக்கு எடுப்பது போல, அதில் முதல் மூன்று வருட இறக்கத்துக்கு மட்டும் கொடுக்கிறீர்கள். அதனால்தான் மாதத் தொகை குறைவாகத் தெரிகிறது. ஆனால் ஒரு காரின் வாழ்நாளில் விலை வேகமாக இறங்குவதும் அந்த முதல் மூன்று வருடங்களில்தான்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பட்டியல் விலை 60,000, நீங்கள் பேரம் பேசி 56,000-க்கு இறக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் கழித்துக் காரின் மதிப்பு பட்டியல் விலையில் 55 சதவீதம், அதாவது 33,000 என்று லீஸ் கம்பெனி முதலிலேயே எழுதிவிடும். இதைத்தான் ரெசிட்யுவல் என்கிறார்கள். 56,000-இல் 33,000 போக மீதி 23,000. அதை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 639 டாலர்.

அடுத்தது வட்டி. லீஸில் அதற்கு மணி ஃபேக்டர் என்று ஒரு பெயர் வைத்து, 0.0025 என்பது போலக் கண்ணுக்கே தெரியாத எண்ணாகச் சொல்வார்கள். அதை 2400-ஆல் பெருக்குங்கள், 6 வரும். அதாவது 6 சதவீத ஆண்டு வட்டி. மாத வட்டி பார்க்க 56,000-ஐயும் 33,000-ஐயும் கூட்டி 0.0025-ஆல் பெருக்க வேண்டும்: 222 டாலர் 50 சென்ட். ஆக வரிக்கு முன் மாதம் 861 டாலர். நியூ ஜெர்சி விற்பனை வரி 6.625 சதவீதம், தொடக்கத்தில் ஒரு கட்டணம், காரைத் திருப்பும்போது ஒரு கட்டணம் என்று எல்லாம் சேர்த்தால் மூன்று வருடத்துக்கு ஏறத்தாழ 34,400 டாலர்.

இப்போது அதே காரை வாங்கினால் என்ன ஆகும்? வரியோடு 59,710. உங்கள் 10,000 போக மீதிக்கு 6 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடன் என்றால் மாதம் 961 டாலர். மூன்று வருடம் கட்டியபின் கடன் பாக்கி சுமார் 21,700 இருக்கும். அன்றைக்குக் காரை அதே 33,000-க்கு விற்றால், போட்டதில் வந்ததைக் கழித்து உங்களுக்கு ஆன செலவு சுமார் 33,300. பார்த்தீர்களா, மூன்று வருடக் கணக்கில் பெரிய வித்தியாசமே இல்லை!

வித்தியாசம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அதே காரை எட்டு வருடம் வைத்துக்கொண்டு, பழுதுபார்க்கத் தாராளமாக 8,000 டாலர் ஒதுக்கி, கடைசியில் 15,000-க்கு விற்றால் மொத்தச் செலவு சுமார் 60,700. எட்டு வருடமும் ஒன்று மாற்றி ஒன்று லீஸிலேயே ஓட்டினால் 91,000 டாலரைத் தாண்டிவிடும். முப்பதாயிரம் டாலர் சின்னப் பணமில்லை, பிள்ளையின் கல்லூரிக்கு அதில் ஒரு பங்கு போய்ச் சேரும். அதனால் "மாதம் எவ்வளவு?" என்பதைவிட "எத்தனை வருடம் வைத்திருப்போம்?" என்று நீங்கள் இருவரும் முதலில் பேசி முடிவு செய்யுங்கள்.

அடுத்து விசா. உங்கள் கணவர் சொல்வதை இங்கே நம்மவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், அது உண்மைக்கு நேர்மாறானது. லீஸ் காரை நினைத்தபோது திருப்பிக் கொடுக்க முடியாது. எச்1பியில் வேலை போனால் வேறு வேலை தேடவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ உங்களுக்கு இருப்பது அதிகபட்சம் 60 நாள். லீஸ் எடுத்து ஒரு வருடத்தில் அது நடந்தால் மேலே சொன்ன கணக்கில் இன்னும் 24 மாதம், 20,000 டாலருக்கு மேல் பாக்கி நிற்கும். நடுவில் முறித்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது, பெரும்பாலும் கையைக் கடிக்கிற தொகைதான். வேறொருவர் பெயருக்கு மாற்றலாம் என்பார்கள். சில கம்பெனிகள் அதை அனுமதிப்பதே இல்லை. இன்னும் சில, மாற்றிய பிறகும் புது ஆள் கட்டாவிட்டால் உங்களிடம்தான் வந்து நிற்கும்.

சொந்தக் கார் என்றால்? நல்ல முன்பணம் போட்டு வாங்கிய காரைப் பழைய கார் வாங்கும் பெரிய கடை ஒன்றுக்கு ஓட்டிப் போனால், அவர்களே உங்கள் கடனை அடைத்துவிட்டு மிச்சத்தைக் காசோலையாகக் கொடுப்பார்கள். ஒரு வருடம் முடிந்தபோது உங்கள் கடன் பாக்கி 41,000 பக்கம் இருக்கும். கார் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே விலை போக வாய்ப்பு உண்டு. நஷ்டம் நஷ்டம்தான், ஆனால் கழுத்தைப் பிடிக்காத நஷ்டம். உங்கள் 10,000 டாலர் உண்மையில் வேலை செய்வது இந்த இடத்தில்தான்.

அந்தப் பணத்தை லீஸுக்கு மட்டும் முன்பணமாகக் கொடுத்துவிடாதீர்கள். மாதத் தொகை குறைந்தது போலத் தெரியும். ஆனால் இரண்டாவது மாதமே விபத்தில் கார் மொத்தமாகப் போனால் இன்சூரன்ஸ் பணம் லீஸ் கம்பெனிக்குப் போகும். உங்கள் முன்பணம் போனது போனதுதான்.

அப்புறம் மைல் வரம்பு. விளம்பரத்தில் வரும் குறைந்த மாதத் தொகை பெரும்பாலும் வருடம் 10,000 மைலுக்கு மட்டுமே. உங்களில் ஒருவர் எடிசனிலிருந்து ஜெர்சி சிட்டிக்கு வாரம் மூன்று நாள் ஓட்டினாலே வருடம் 8,000 மைல் ஆகிவிடும். பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோவில், மளிகைக் கடை, பிள்ளைகளின் வகுப்புகள், ஒரு முறை பிட்ஸ்பர்க் கோவில் என்று கூட்டிப் பாருங்கள், 13,000-ஐ எளிதாகத் தொடும். மைலுக்கு 25 சென்ட் என்றால் மூன்று வருட முடிவில் 2,250 டாலர் கூடுதல் பில் வரும்.

என் முதல் லீஸில் நான் இதையெல்லாம் பார்க்கவில்லை. மாதத் தொகையை மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டேன். மணி ஃபேக்டரை டீலர் தன் லாபத்துக்காக ஏற்றி வைக்க முடியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. உங்கள் கணக்கில் 0.0025-ஐ 0.0029 ஆக்கினால் மாதம் 36 டாலர் கூடும், மூன்று வருடத்துக்கு 1,280 டாலர். 1976-ஆம் ஆண்டின் நுகர்வோர் லீஸ் சட்டப்படி மொத்தத் தொகை, மைல் வரம்பு, நடுவில் முறிப்பதற்கான விதி எல்லாவற்றையும் எழுத்தில் தந்தாக வேண்டும். மணி ஃபேக்டரை மட்டும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்களாகக் கேளுங்கள்: "கம்பெனி கொடுத்த அடிப்படை விகிதம் என்ன, நீங்கள் எனக்குப் போட்டது என்ன?" பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டு மூன்று நாளைக்குள் திருப்பிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. டீலர் கடையில் எடுக்கும் காருக்கு மத்திய அரசின் அந்த மூன்று நாள் விதி செல்லாது.

2025-இல் வந்த புதுச் சட்டத்தில் கார் கடன் வட்டிக்கு வருடம் 10,000 டாலர் வரை வரிக்கழிவு உண்டே என்று கேட்பீர்கள். அது அமெரிக்காவில் தயாரான புதுக் காருக்கு மட்டும். 5 சீரிஸும் இ-கிளாஸும் ஜெர்மனியிலிருந்து வருகின்றன. கணவன் மனைவி வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டினால் சலுகை குறைந்துகொண்டே போகும். அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

சரி, உங்களுக்கு என் ஆலோசனை: லீஸ் வேண்டாம், புதுசும் வேண்டாம். மூன்று வருட லீஸ் முடிந்து திரும்பிவந்த 5 சீரிஸ் அல்லது இ-கிளாஸை, கம்பெனியே சோதித்துச் சான்று கொடுத்து விற்கும் பிரிவில் தேடுங்கள். விலை இறக்கத்தின் பெரிய பங்கை முதல் ஆள் கட்டிவிட்டுப் போயிருப்பார். புதுக் காருக்கு இரண்டு கம்பெனிகளும் 4 வருடம் அல்லது 50,000 மைல் வாரண்டி தருகின்றன. சான்று பெற்ற காருக்கு அது முடிந்தபின் இன்னும் ஒரு வருடம், மைல் வரம்பில்லாமல் கிடைக்கும். அதற்குப் பிறகு வரும் பழுதுச் செலவுக்கு மாதம் 100 டாலர் தனியாக எடுத்து வையுங்கள், ஜெர்மன் கார்கள் அந்த வயதில் கேட்கும். புதுசுதான் வேண்டும் என்று மனம் கேட்டால் லெக்சஸ் இஎஸ் பாருங்கள். ஓட்டும்போது 5 சீரிஸின் சுகம் அதில் இல்லை, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பத்து வருடம் தொந்தரவில்லாமல் ஓடும், விற்கும்போதும் மதிப்பு நிற்கும்.

லீஸ் யாருக்குத்தான் சரி? எப்படியும் மூன்று வருடத்துக்கு ஒரு முறை கார் மாற்றுகிறவர், குறைவாக ஓட்டுகிறவர், வேலையும் ஊரும் நிலையாக இருக்கிறவர். சொகுசு மின்சாரக் கார் எடுப்பவருக்கும் பொருந்தும். அவற்றின் விலை வேகமாக விழுகிறது, அந்தக் கவலையை லீஸ் கம்பெனி தலையில் வைத்துவிடலாம். அதற்கிருந்த 7,500 டாலர் மத்திய அரசுச் சலுகை மட்டும் 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டது.

கேள்வி: நான் டெக்ஸாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறேன். கலிஃபோர்னியா நண்பர் லீஸில் மாதத் தொகைக்கு மட்டுமே வரி கட்டுகிறார். இங்கே டீலர் முழு விலைக்கும் வரி போடுகிறாரே, ஏமாற்றுகிறாரா?

பதில்: ஏமாற்றவில்லை, உங்கள் மாநிலச் சட்டம் அப்படி. டெக்ஸாஸில் காரை வாங்குவது லீஸ் கம்பெனி. அது முழு விலைக்கும் 6.25 சதவீத வரி கட்டி, அதை உங்கள் தலையில் ஏற்றுகிறது. 56,000 டாலர் காருக்கு 3,500 டாலர், மூன்றே வருடம் ஓட்டுவதற்கு! முடிவில் அதே காரை நீங்களே வாங்கினால் அந்த விலைக்கு மறுபடியும் வரி கட்ட வேண்டும். "லீஸில் எடுத்துப் பார்ப்போம், பிடித்தால் பிறகு வாங்கிக்கொள்வோம்" என்ற எண்ணம் இருந்தால் டெக்ஸாஸில் அதை விட்டுவிடுங்கள். பிடிக்கும் என்று தெரிந்தால் முதலிலேயே வாங்குங்கள்.

கேள்வி: என் லீஸ் இன்னும் மூன்று மாதத்தில் முடிகிறது. கதவில் ஒரு கீறல், டயரும் தேய்ந்திருக்கிறது. திருப்பினால் எவ்வளவு பிடிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள், மூன்று மாதம் தாராளமான நேரம். முதலில் காரைத் திருப்புவதா என்பதையே யோசியுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள ரெசிட்யுவல் விலையையும், இன்று அதே வயது, அதே மைல் உள்ள கார் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021, 2022-இல் பழைய கார் விலை ஏறியபோது, விவரம் தெரியாமல் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த பலர் ஆயிரக்கணக்கான டாலரைக் கோட்டைவிட்டார்கள். சந்தை விலை கூடுதலாக இருந்தால் நீங்களே வாங்குங்கள். வைத்துக்கொள்வதோ விற்பதோ பிறகு உங்கள் விருப்பம்.

திருப்புவது என்று முடிவானால், முன்கூட்டியே செய்யும் சோதனைக்கு லீஸ் கம்பெனியிடம் நாள் கேளுங்கள். எது சாதாரணத் தேய்மானம், எதற்குப் பணம் பிடிப்பார்கள் என்று அந்த அறிக்கையில் இருக்கும். டயரில் குறைந்தது ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஆழம் இருக்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. குறைந்திருந்தால் ஒப்பந்தம் கேட்கும் அளவிலும் தரத்திலும் டயரை நீங்களே வெளிக்கடையில் மாற்றுங்கள், அவர்கள் போடும் பில்லைவிடக் குறைவாகவே ஆகும். கீறலுக்கு வெளியே ஒரு விலை கேட்டு, அறிக்கையில் உள்ள தொகையோடு ஒப்பிடுங்கள். இரண்டாவது சாவியை இப்போதே தேடி எடுத்து வையுங்கள், தொலைந்திருந்தால் நூற்றுக்கணக்கில் கேட்பார்கள். காரை ஒப்படைக்கும் நாளில் நாலு பக்கமும் ஓடோமீட்டரும் தெரியப் படம் எடுத்து, ஒப்படைத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.