திருத்தந்தை சொன்னால் எல்லாமே வேதவாக்கா? கேள்விகளும் பதில்களும்

முப்பது வருடமாகப் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுத்து வருகிறேன். நான் குரு அல்ல, பொதுநிலையினர்தான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கல்லூரி மாணவர் ஒருவர்: "போப் தப்பே செய்யமாட்டார்னு நம்புறவங்கதானே நீங்க" என்று ஹாஸ்டலில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது சார்?

அப்படித் திருச்சபை ஒருநாளும் சொன்னதில்லை, தம்பி. 2014 தவக்காலத்தில் திருத்தந்தை பிரான்சிஸ், பேதுரு பேராலயத்தில் எல்லோரும் பார்க்க ஒரு குருவின் முன் முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தார். பாவமே செய்யாதவர் என்றால் அங்கே அவருக்கு என்ன வேலை?

உலக ஆயர்கள் கூடிய முதலாம் வத்திக்கான் சங்கம் 1870 ஜூலை 18 அன்று அறிவித்த வழுவாவரம், அதாவது போதனையில் தவறாத வரம், மிகக் குறுகிய ஒன்று. திருத்தந்தை முழுத் திருச்சபைக்கும் மேய்ப்பராகவும் ஆசிரியராகவும் நின்று, விசுவாசம் அல்லது ஒழுக்கம் சார்ந்த ஒன்றை, எல்லோரும் ஏற்க வேண்டியது என்று இறுதியாக வரையறுக்கும்போது மட்டும், தூய ஆவியார் அவரைத் தவறிலிருந்து காக்கிறார். அதன்பின் இந்த முறையில் வரையறுக்கப்பட்டது ஒன்றே ஒன்று: 1950 நவம்பர் 1 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அறிவித்த மரியாவின் விண்ணேற்பு, அதாவது மரியா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பது. அதையும் அவர் திடீரென்று சொல்லிவிடவில்லை. 1946-லேயே உலகெங்கும் உள்ள ஆயர்களுக்கு எழுதி, உங்கள் மக்கள் இதை நம்புகிறார்களா என்று கேட்டார். மக்கள் ஏற்கெனவே நம்பி வந்ததைத்தான் உறுதிப்படுத்தினார்.

அப்படியானால் மற்றதெல்லாம் வெறும் கருத்தா? அதுவும் இல்லை. திருச்சபைக்குப் போதனையாக எழுதும் சுற்றுமடல் ஒரு தரம், ஞாயிறு நண்பகல் மூவேளைச் செபத்தின்போது மக்களுக்குச் சொல்லும் உரை ஒரு தரம், விமானத்தில் பத்திரிகையாளருக்குச் சொன்ன பதில் வேறு தரம். எது எந்தத் தரம் என்று பாராமல் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பதால்தான் நம்மவர்களும் குழம்புகிறார்கள், கேலி செய்பவர்களும் குழம்புகிறார்கள்.

குடும்பத் தலைவி ஒருவர்: என் நாத்தனார் சி.எஸ்.ஐ. என்ற சீர்திருத்தச் சபை. உங்கள் பைபிளில் ஏழு புத்தகம் கூடுதலாகச் சேர்த்துவிட்டீர்கள், பைபிள் மட்டும் போதாதா என்கிறார்.

நாத்தனார் கேட்பது நேர்மையான கேள்வி அம்மா, சண்டை போடாமல் பேசுங்கள். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு நூல்கள் ஆகிய ஏழும், எஸ்தர், தானியேல் நூல்களின் சில பகுதிகளும்தான் வேறுபாடு. தொடக்கக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் பயன்படுத்திய கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் இவை இருந்தன. 393-இல் இப்போவிலும் 397-இல் கார்த்தேஜிலும் கூடிய சங்கங்கள் இவற்றைப் பட்டியலில் வைத்தன. பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த தூய எரோணிமுசுக்கே இவற்றைப் பற்றித் தயக்கம் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். 1546-இல் திரிதெந்து சங்கம் 73 நூல்கள் என்று முடிவாக அறிவித்தது. 1995-இல் வந்த தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பில் இவை 'இணைத் திருமுறை' என்ற தலைப்பில் இருக்கின்றன. இருவரும் சேர்ந்தே திறந்து பார்க்கலாம்.

பைபிள் மட்டும் போதாதா என்ற இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அப்படியே பட்டியலாக நமக்குக் கிடைப்பது முதன்முதலில் 367-இல், அலெக்சாந்திரியா ஆயர் தூய அத்தனாசியார் பாஸ்கா விழாவையொட்டி எழுதிய மடலில். எந்த நூல் இறைவாக்கு என்ற பட்டியல் பைபிளுக்குள் எங்கேயும் இல்லை. அதைத் தேர்ந்து, காத்து, படியெடுத்துக் கொடுத்தது திருச்சபை. அதைத்தான் மரபு என்கிறோம்.

இதனால் திருச்சபை வேதத்துக்கு மேலே போய்விட்டது என்று யாரும் நினைக்கக்கூடாது. 1965 நவம்பர் 18 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'இறை வெளிப்பாடு' ஏட்டின் பத்தாம் எண், திருச்சபையின் ஆசிரியம், அதாவது போதிக்கும் அதிகாரம், இறைவார்த்தைக்கு மேலானது அல்ல, அதற்குப் பணிசெய்வது என்கிறது. இந்த ஒரு வரியை நாம் எல்லோருமே, ஆயர்கள் உட்பட, இன்னும் ஆழமாக உள்வாங்க வேண்டும் என்பது என் ஆசை.

பள்ளி ஆசிரியை: பரிணாமக் கொள்கையைப் பாடம் நடத்தலாமா?

தாராளமாக. 1950-லேயே மனித உடலின் தோற்றம் பற்றி ஆராயத் தடையில்லை என்றார் பன்னிரண்டாம் பயஸ். ஆன்மாவைக் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சொன்னார். பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமெய்த்தரும் ஒரு கத்தோலிக்கக் குருதான். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம் என்ற சகோதரி: கருத்தடை பற்றிய போதனையை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. மனச்சாட்சிப்படி நடக்கலாம் என்கிறார்களே?

இந்தக் கேள்வியோடு எத்தனை இரவு தூங்காமல் இருந்திருப்பீர்கள் என்று எனக்குப் புரிகிறது. 1968-இல் திருத்தந்தை ஆறாம் பவுல், இதை ஆராய்ந்த குழுவில் பெரும்பான்மையினர் மாற்றத்தைப் பரிந்துரைத்தும், செயற்கைக் கருத்தடை கூடாது என்ற பழைய போதனையையே ஒரு சுற்றுமடலில் உறுதிப்படுத்தினார். அது வழுவாவர அறிவிப்பாக வரவில்லை. ஆனாலும் திருச்சபையின் அதிகாரபூர்வப் போதனை. பிடிக்கவில்லை என்று தள்ளிவிடக்கூடியது அல்ல.

மனச்சாட்சியின் உறுதியான தீர்ப்புக்கு மனிதர் கீழ்ப்படிய வேண்டும் என்று திருச்சபையின் அதிகாரபூர்வ மறைக்கல்வி நூலே சொல்கிறது. அதே நூல், மனச்சாட்சியும் தவறலாம், அதைப் பயிற்றுவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம்மில் பலர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், பங்குகளில் சிலர் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். ஆறாம் பவுலின் மடலை முழுதாகப் படியுங்கள். கணவரோடு சேர்ந்து செபியுங்கள். அவசரப்படாமல் கேட்கக்கூடிய ஒரு குருவிடம் பேசுங்கள். இதற்காகக் கோவிலுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அன்பியப் (பங்கின் சிறு குடும்பக் குழு) பொறுப்பாளர்: பங்குச்சாமியாரை எதிர்த்துப் பேசினால் பாவமா?

மரியாதையோடு பேசினால் பாவமில்லை. திருச்சபைச் சட்டம் 212, திருச்சபையின் நன்மைக்காகத் தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்வது மக்களின் உரிமை, சில வேளைகளில் கடமை என்கிறது. அந்தியோக்கியாவில் பேதுருவையே பவுல் முகத்துக்கு நேராக எதிர்த்தார் (கலாத்தியர் 2:11). முகத்துக்கு நேராக என்பதைக் கவனியுங்கள். வாட்ஸாப் குழுவில் அல்ல.

இளைஞர் ஒருவர்: மாதாவின் புதுச் செய்தி என்று அடிக்கடி ஃபார்வர்டு வருகிறது. நம்ப வேண்டுமா?

வேண்டியதில்லை. போர்ச்சுகலின் பாத்திமாவில் மாதா தோன்றியது போன்ற, திருச்சபை ஏற்றுக்கொண்ட காட்சிகளே விசுவாசத்தின் கட்டாயப் பகுதி அல்ல. பயமுறுத்தும் செய்திகளை அப்படியே அழித்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஐயா ஒருவர்: என் மகன் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டான். திருச்சபை மேல் கோபம். நான் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது?

இப்போதைக்கு அவனுக்கு எதுவும் கொடுக்காதீர்கள், ஐயா. அவன் கோபத்துக்குக் காரணம் இருக்கலாம். முதலில் கேளுங்கள், பதில் தேடாமல் கேளுங்கள். புத்தகம் உங்களுக்குத்தான். மாற்கு நற்செய்தி, 16 அதிகாரம், இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஒன்பதாம் அதிகாரத்தில் பேய் பிடித்த மகனை இயேசுவிடம் கூட்டிவரும் ஒரு தகப்பன் வருகிறார். நம்புகிறேன், என் நம்பிக்கையின்மை நீங்க உதவும் என்று அவர் கதறுகிறார். அந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள்.