செத்தவர் திரும்பி வந்த அத்தியாயம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐடி நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். வயது 37. தினமும் 11 மணி நேர வேலை. போன வருடம் முதுகுவலி வந்ததிலிருந்து உடற்பயிற்சியில் தீவிரமாக இறங்கிவிட்டேன். 4.45க்கு அலாரம், ஜிம், பிறகு ஆபீஸ். கைக்கடிகாரம் பத்தாயிரம் அடி காட்டாமல் படுப்பதில்லை. தூக்கம் ஐந்து மணி நேரம்தான், ஆனால் பழகிவிட்டது, களைப்பே தெரிவதில்லை. இரவு பதினொன்றரைக்கு மெயில் அனுப்பினாலும் என் டீமில் உடனே பதில் போடுவார்கள், அவ்வளவு துடிப்பானவர்கள். ஆனாலும் சில மாதங்களாக எடை குறையவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை. ஜிம்முக்குக் காலையில் போவது நல்லதா, மாலையிலா? நீங்கள் எப்படி நேரம் ஒதுக்குகிறீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்து விழுந்த நேரம் இரவு 1.10. அலாரம் 4.45 என்றால் அன்று எவ்வளவு தூங்கியிருப்பீர்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பத்தாயிரம் அடியை முதலில் முடித்துவிடுவோம். அது மருத்துவர்கள் ஆராய்ந்து வகுத்த அளவு அல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடையளவிக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பெயர் வைத்தார்கள், அந்த எண் ஒட்டிக்கொண்டது. நடப்பது நல்லதுதான். அதற்காக 9,200இல் நின்றுவிட்டதென்று நள்ளிரவில் வீட்டுக்குள் வட்டமடிக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை. தொடர்ந்து பத்து நிமிடம் செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். மாடிப்படி ஏறுவதும் சேர்த்திதான்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி. 'பழகிவிட்டது, களைப்பே தெரிவதில்லை.' இதை நானும் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

இருபத்தெட்டு வயதில் பகலில் ஒரு வேலை, இரவில் நாவல் என்று மூன்று வருடம் ஓட்டினேன். நாலரை, ஐந்து மணி நேரத் தூக்கம். அதில் எனக்கு அப்படியொரு பெருமை. மற்றவர்கள் குறட்டை விடுகிறார்கள், நான் எழுதுகிறேன் என்று. மூன்று முறை திருத்தி எழுதிய கைப்பிரதியை ஒரு மூத்த நண்பரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, இந்தப் பெரியவர் ஒன்பதாம் அத்தியாயத்தில் செத்துட்டாரே, பதினாலில் எப்படி வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கார்?" மூன்று திருத்தத்திலும் அது என் கண்ணில் படவில்லை. என் வாழ்க்கையிலேயே மூளை மிகக் கூர்மையாக இருந்த காலம் அதுதான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன், தெரியுமா? "போய்த் தூங்கிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம். இரண்டு மாதம் அவர் பக்கமே போகவில்லை.

அவர் சொன்னதன் பொருள் வெகுநாள் கழித்து, ஒரு ஆய்வைப் படித்தபோதுதான் புரிந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கனும் உடனிருந்தவர்களும் செய்து 2003இல் வெளியிட்டது. ஆரோக்கியமானவர்களைப் பிரித்து, சிலரை 4 மணி நேரம், சிலரை 6, சிலரை 8 என்று இரண்டு வாரம் தூங்கவைத்தார்கள். ஆறு மணி நேரக்காரர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்து, கடைசியில் இரவு முழுக்கக் கண்விழித்தவனின் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் தூக்கம் வருகிறதா என்று அவர்களையே கேட்டால், சில நாட்களுக்குப் பிறகு அந்தப் பதிலில் பெரிய மாற்றமே இல்லை. கவனம் சரிந்துகொண்டே போகிறது, ஆளுக்குத் தெரியவில்லை. களைப்பை அளக்கிற கருவியே களைத்துப்போய்விட்டால் அது எதைத்தான் காட்டும்? ஆகவே 'எனக்குத் தெரிவதில்லை' என்பது உங்களுக்குச் சாதகமான சாட்சி இல்லை ஐயா. எனக்கும்தான் அந்தப் பெரியவர் செத்தது தெரியவில்லை.

எடை விஷயம்: தூக்கம் குறைந்தால் பசி கூடும். தசை தேறுவதும் பளு தூக்கும்போது அல்ல, தூக்கி முடித்து ஓய்வெடுக்கும்போது. நீங்கள் பாதி வேலையை மட்டும் செய்கிறீர்கள். மனம் ஒட்டாதது வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள், எழுத்தாளனைக் கேட்காதீர்கள்.

அப்புறம் அந்த மெயில். இதற்குத்தான் உங்கள் மீது எனக்கு நிஜமான கோபம். பதினொன்றரைக்குப் பதில் போடுகிறவர்கள் துடிப்பானவர்கள் இல்லை, பயந்தவர்கள். மேலாளர் விழித்திருக்கும்போது யார் தூங்குவார்கள்? வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து சொல்லியிருக்கின்றன. வாரம் ஐந்து நாள் என்று வைத்தாலும் உங்கள் 11 மணி நேரம் சரியாக அந்தக் கோட்டில் நிற்கிறது. நீங்களாவது காலையில் ஜிம்முக்குப் போய் மனதைத் தேற்றிக்கொள்கிறீர்கள். உங்கள் டீமில் கைக்குழந்தை வைத்திருப்பவர் என்ன செய்வார் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

காலையா மாலையா என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா, மறந்தே போனேன். எப்போது போனால் ஏழு மணி நேரம் தூங்க முடிகிறதோ அப்போது போங்கள். முதுகுக்கும் அதனால் ஒன்றும் ஆகிவிடாது. நான் எப்படி நேரம் ஒதுக்குகிறேன் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மதியம் ஒரு குட்டித் தூக்கம் உண்டு, அதை மட்டும் விடுவதில்லை.

பத்து நாள் அலாரத்தைத் தள்ளி வைத்துப் பாருங்கள். பிறகு எழுதுங்கள். பகலில் எழுதுங்கள்.